ஒன்பதாம் வருஷத்து ஊசிகள்

மே 3

கட்டிங் மாஸ்டர் அக்காவுக்கு,

முந்திரிக்கொட்டை எழுதுவது. இங்கே நான் நலம். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? முழங்கால் வலி தேவலையா? மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து ஏறுகிறாயா, இல்லை வீராப்பாக ஏறிவிட்டுப் படுக்கையில் முனகுகிறாயா?

பனி இப்போதுதான் கரைந்தது. ஆய்வு நிலையத்தில் எனக்கு மாடி அறை. ஜன்னலைத் திறந்தால் சரிவு முழுக்க மரங்கள். பைன் மரத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள். இலை என்று பேர், பார்த்தால் ஊசி. உன் ஊசி வேறு, என் ஊசி வேறு.

என் வேலை என்னவென்று கேட்டிருந்தாய். ஒரு கிளையை நுனியிலிருந்து பின்னால் பார்த்துக்கொண்டே போனால், வருஷத்துக்கு ஒரு மொட்டு வெடித்த வடு வளையமாகத் தெரியும். இரண்டு வளையங்களுக்கு நடுவில் இருப்பது ஒரு வருஷத்து ஊசிகள். வயதை மறைக்கவே முடியாது, நம் பெரியத்தையைப் போல இல்லை. உச்சியில் வெயிலில் இருப்பவை குட்டையாகத் தடித்து நிமிர்ந்து நிற்கும், நாலைந்து வருஷத்தில் கொட்டிவிடும். அடியில் நிழலில் இருப்பவை மெலிந்து, சீப்புப் பல் மாதிரி இரண்டு பக்கமும் படுத்துக் கிடக்கும். ஒன்பது பத்து வருஷம் ஆனாலும் கிளையை விடாது.

கிளை நுனியைக் கண்ணாடிக் கவ்விக்குள் வைத்து விளக்கைப் போட்டால், அது காற்றிலிருந்து எவ்வளவு கரியமிலவாயுவை இழுக்கிறது என்று கருவி ஓர் எண்ணைக் காட்டும். எண் ஏறினால் மரத்துக்குச் சாப்பாடு தயாராகிறது என்று அர்த்தம். உச்சி ஊசிகள் இரண்டே நிமிஷத்தில் மளமளவென்று ஏற்றுகின்றன. அடியில் இருக்கிற கிழங்கள்? ஒன்றும் கிடையாது. படுத்த இடத்திலேயே மரத்தின் சாப்பாட்டைத் தின்கின்றன. சுத்தத் தண்டச்சோறு!

கூட்டத்தில் இதையே சொன்னேன். எங்கள் இயக்குநர் விழுந்து விழுந்து சிரித்தார். "தண்டச்சோறை எதுக்கு வச்சுக்கணும்? வெட்டிடலாம்" என்றார். இலையுதிர் காலம் வந்ததும் சரிவு முழுக்கப் பாதி உயரம் வரை அடிக்கிளைகளை வெட்டப் போகிறார்கள். அதற்கு ஆதாரம் என்னுடைய அளவு! எனக்குத் தலைகால் புரியவில்லை, போ.

எடை போட்டுப் பார்ப்பதற்காக ஆறு அடிக்கிளைகளில் பழைய ஊசிகளை மொத்தமாக உருவினேன். கை முழுக்கப் பிசின். சோப்புப் போட்டாலும் போகவில்லை.

ஒரு விண்ணப்பம். இங்கே நவம்பரிலேயே எலும்பு நடுங்குமாம். உன் மேசையில், உன் கையால், எனக்கு ஒரு கனத்த கோட்டு வெட்டித் தர வேண்டும். இந்த உறைக்குள் ஒரு சின்னக் கிளையும் வைத்திருக்கிறேன். வளையங்களை எண்ணிப் பார்.

உன்
முந்திரிக்கொட்டை


ஜூன் 9

அன்புள்ள தங்கைக்கு,

நலம். அத்தானும் நலம். கடிதம் வந்தது. பதில் போட நேரமில்லை.

கோட்டு இப்போது முடியாது. கடையில் ரெடிமேடாக வாங்கிக்கொள்.

உன் எண்ணுக்கு மதிப்புக் கிடைத்ததில் மகிழ்ச்சி. ஆனால் அந்தத் தண்டச்சோறு என்கிற வார்த்தையை நீ எங்கே பொறுக்கினாய்? நம் வீட்டில் அப்பா வேலையில்லாமல் இருந்த வருஷத்தில்கூட யாரும் அதைச் சொன்னதில்லை.

காடு, குளிர், தனியறை எல்லாம் போதும். வேலையை முடித்துக்கொண்டு வீடு வந்து சேர். மழையில் நனையாதே.

அக்கா


ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

சளி பிடித்திருக்கிறது, மற்றபடி நலம். உன் குரலே சரியில்லையே? கடிதத்தில் ஏது குரல் என்று கேட்காதே. உன் குரல் எனக்குத் தாளிலேயே கேட்கும்.

தாள் என்றதும் ஞாபகம் வருகிறது. நீ எப்போதும் துணி வெட்டுவதற்கு அளவுப் படம் வரைகிற அந்தக் காக்கித் தாளில்தான் எழுதுவாய். ஒரு பக்கம் சட்டையின் கைக்குழி வளைவு, மறுபக்கம் எனக்கு வசவு. இந்தத் தடவை கோடு போட்ட வெள்ளைத் தாள். கடைசியில் "உன் அக்கா, கட்டிங் மாஸ்டர்" என்று ஜம்பமாகப் போடுவாய், இந்தத் தடவை மொட்டையாக "அக்கா". கோபமா? மரத்தைச் சொன்னதற்கா கோபம்? நீ என்ன மரத்தின் சம்பந்தியா?

இயக்குநர் எங்கே போனாலும் என் வார்த்தையையே சொல்லிக்கொண்டிருக்கிறார். முதல் வரிசை மரங்களில் சிவப்புச் சாயத்தில் கோடு போட்டாயிற்று. என் தலைக்கு மேல் இரண்டு ஆள் உயரம். அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பதெல்லாம் போகும். இங்கே மரமேறுகிற அம்மாள் ஒருத்தி இருக்கிறாள், ஏணிக்காரி என்று கூப்பிடுவோம். கோட்டைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு உசரமா? மரத்துக்குப் பாவாடையே இல்லாம போயிடுமே" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

என்ன நடந்தது என்று எழுது.

உன்
மு. கொட்டை


ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதமாகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? உன் ஜூன் மாதக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். எட்டே வரி. நீ தையல் கூலி ரசீதுகூட இதைவிட நீளமாக எழுதுவாய்.

எனக்குப் பயமாக இருக்கிறது. திட்டவாவது திட்டு.

உன் தங்கை


ஜூலை 29

அன்புள்ள மச்சினிக்கு,

அத்தான் எழுதுவது. ஆச்சரியப்படாதே, எனக்கும் எழுதத் தெரியும். உன் அக்கா குளிக்கிறாள், அதற்குள் முடித்தாக வேண்டும்.

பட்டறையில் முதலாளியின் மருமகன் மேற்பார்வைக்கு வந்திருக்கிறான். வந்த முதல் வாரமே கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எல்லோரையும் அளந்திருக்கிறான். உன் அக்கா வெட்டுவதற்கு முன்னால் துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்பாளே, தெரியுமல்லவா? அதைப் பார்த்துவிட்டு, "இவங்களுக்கு வயசாயிடுச்சு" என்று பின்னால் பட்டன் அறைக்கு அனுப்பிவிட்டான். ஜன்னலே இல்லாத அறை. மே மாதத்திலிருந்து அங்கேதான் பட்டன் பொறுக்குகிறாள். வேறு என்னவோ சொல்லியும் இருக்கிறான், அதை என்னிடம் சொல்லமாட்டேன் என்கிறாள். அவள் மேசையைப் பறிகொடுத்த அன்று சாயங்காலம்தான் உன் கடிதம் வந்தது. சிரித்துக்கொண்டேதான் படிக்க ஆரம்பித்தாள். பாதியில் மடித்து வைத்துவிட்டாள். நீ தெரிந்து எழுதினாயா என்ன?

நான் சொன்னேன் என்று சொல்லிவிடாதே. என் சோற்றில் உப்பு இருக்காது. குழாய் நின்றுவிட்டது, வருகிறேன்.

அத்தான்


ஆகஸ்ட் 6

அன்புள்ள தங்கைக்கு,

திட்டச் சொன்னாய் அல்லவா? வாங்கிக்கொள்.

முதலில் நலம் விசாரித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் அதையும் குறை சொல்வாய். நாங்கள் நலம். உன் சளி போயிற்றா?

இப்போது கேள். நீ பிறந்ததிலிருந்தே அவசரக் குடுக்கை. எட்டாம் மாதத்திலேயே பிறந்தாய். நடக்கும் முன்பே ஓடி முன்பல்லை உடைத்துக்கொண்டாய். அதனால்தான் உனக்கு முந்திரிக்கொட்டை என்று பேர் வைத்தேன். செல்லப் பேர் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். இல்லை, அது குற்றப் பத்திரிகை. படித்துப் பட்டம் வாங்கியும் புத்தி வரவில்லை. பேசாத ஒன்றைப் பிடித்து, எல்லோர் முன்னாலும் வைத்து, தண்டச்சோறு என்கிறாய். நாலு பேர் சிரிக்கிறார்கள். சிரிப்பதற்கென்ன, அவர்கள் வீட்டு மரமா? அது அந்த இருட்டில் எத்தனை வருஷம் பிடித்துக்கொண்டு கிடக்கிறது என்று நீதான் எண்ணிச் சொன்னாய். ஒன்பது, பத்து என்று. பத்து வருஷம் ஒருத்தரை வைத்துக்கொண்டு சோறு போடுகிற மரத்துக்குக் கூடவா மூளை இல்லை? உனக்கும் உன் இயக்குநருக்கும் மட்டும்தான் இருக்கிறதா?

எனக்கு அறிவியல் தெரியாது. உன் எண் சரியாகவே இருக்கலாம். எண் சரியாக இருந்தால் எண்ணைச் சொல். ஏச்சு எதற்கு? ஒரு ஆள் மெதுவாக இருக்கிறார் என்றால் மெதுவாக இருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போ. அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல உனக்கு யார் உரிமை கொடுத்தது? அந்த வார்த்தை எங்கே போய் யாரைக் குத்தும் என்று உனக்குத் தெரியுமா?

மரத்தைப் பற்றித்தான் சொல்கிறேன்.

(இதற்குப் பிறகு நாலு பக்கம் எழுதினேன். எல்லாம் உன் பல்லைப் பற்றியும் பரீட்சையைப் பற்றியும் நீ உடைத்த தையல் மிஷினைப் பற்றியும். கிழிக்க மனசில்லை, அதையும் சேர்த்தே அனுப்புகிறேன். சாவகாசமாகப் படி.)

வந்துவிடு. இங்கே எல்லோரும் சௌக்கியம்.

அக்கா


ஆகஸ்ட் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். சளி போய்விட்டது. உன் திட்டு போகவில்லை.

நடந்ததைக் கேள். உன் கடிதம் வந்தபோது நான் மரத்தடியில் இருந்தேன். கவ்விக்குள் ஒன்பதாம் வருஷத்து ஊசிகள். எண் வழக்கம்போலப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்தது. இரண்டு நிமிஷத்தில் கழற்றியிருக்க வேண்டும். அதற்குள் ஏணிக்காரி உன் கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். நான்தான் முந்திரிக்கொட்டை ஆயிற்றே, அப்படியே போட்டுவிட்டுப் பிரித்தேன். முதல் தடவை படித்தேன், அழுகை வந்தது. இன்னொரு தடவை படித்தேன், கோபம் வந்தது. தையல் மிஷினை உடைத்தது நான் இல்லை, அத்தான்தான். மூன்றாம் தடவை சிரிப்பு வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், எண் ஏறியிருக்கிறது!

கருவி கோளாறு என்று நினைத்தேன். அடுத்த கிளையை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் ஒன்றுமில்லை. பத்து நிமிஷத்தில் லேசாக அசைந்தது. அரை மணி கழித்து நன்றாக ஏறி நின்றது. ஊசியின் அடிப்பக்கம் காற்று போய்வர நுணுக்கமான வாய்கள் உண்டு. வெயிலில் இருப்பவை அவற்றை ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும். நிழலில் இருப்பவை மெல்லத்தான் திறக்கும். உள்ளே இருக்கிற சமையலறையும் மெல்லத்தான் சூடாகும். நான் அதுவரை இருந்ததே இல்லை. உச்சி ஊசிக்குக் கொடுத்த இரண்டு நிமிஷத்தையே அதற்கும் கொடுத்துவிட்டு, ஆள் தேறாது என்று எழுதிவிட்டேன்.

உச்சி ஊசி அளவுக்கு வராதுதான். வயதாக ஆகக் குறையத்தான் செய்கிறது, அதையும் மறைக்கமாட்டேன். ஆனால் அதன் செலவும் கொஞ்சம். தன் செலவு போக மரத்துக்கு மிச்சம் கொடுக்கிறது.

இயக்குநரிடம் ஓடினேன்.

"சார், நான் அளந்தது தப்பு. நேரமே குடுக்காம அளந்துட்டேன்."

"அறிக்கை போயாச்சேம்மா."

"திருத்தி அனுப்பலாம் சார்."

"இன்னிக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணுன்னு சொன்னா நம்மள யாரு மதிப்பா? பேசாம இறுதி அறிக்கையில கையெழுத்துப் போடு. இன்னும் மூணு வருஷத்துக்கு உன் வேலைய யாரும் அசைக்க முடியாது."

"போடமாட்டேன்."

"என்னது?"

"போடமாட்டேன்னேன். காது நல்லாத்தானே கேக்குது உங்களுக்கு?"

கடைசி வரியை மனசுக்குள் சொல்லிக்கொண்டேன் என்று எழுதத்தான் ஆசை. வாய்விட்டே சொன்னேன்.

உன்
முந்திரிக்கொட்டை (குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்)


செப்டம்பர் 2

அன்புள்ள தங்கைக்கு,

நலம். இங்கே மழை. அத்தானுக்கு இருமல்.

மூன்று வருஷ வேலை உறுதி என்கிறார் உன் இயக்குநர், நீ காது கேட்கிறதா என்று கேட்டிருக்கிறாய். நன்றாக இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிடு. மேலே இருக்கிறவர்கள் ஒரு தடவை முடிவு கட்டிவிட்டால் கட்டியதுதான். எதிர்த்து நின்று என்ன ஆகப்போகிறது? சொன்ன இடத்தில் உட்கார்ந்து கொடுத்ததைச் செய்தால் நாள் ஓடிவிடும். பழகிவிடும்.

போட மனசில்லை என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடு.

அக்கா


அக்டோபர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கமாட்டேன். நலம் என்றுதான் எழுதுவாய்.

"பழகிவிடும்" என்று எழுதியிருக்கிறாயே, அதை எழுதியது என் அக்கா இல்லை. பள்ளிக்கூடத்தில் என் காதைத் திருகிய வாத்தியாரைத் தேடிப் போய், "என் தங்கச்சி காது உங்களுக்குக் கைப்பிடியா?" என்று கேட்ட அக்காவை எனக்குத் தெரியும். அவள் எங்கே?

போன மாதம் முதல் வரிசையை வெட்டினார்கள். ரம்பத்தின் சத்தம் அறைக்குள் வரை கேட்டது. சாயங்காலம் போய்ப் பார்த்தேன். மரங்கள் சவரம் செய்த முகம் மாதிரி நின்றன. அதோடு போகவில்லை. முதல் வரிசை திறந்துகொண்டதும் இரண்டாம் வரிசையின் அடிக்கிளைகள் மேல் வெயில் நேராக விழுந்தது. காலையில் கடுங்குளிர், அதன் மேல் சுள்ளென்ற வெயில். பத்து வருஷம் நிழலில் இருந்த ஊசிகளால் தாங்க முடியவில்லை. முதலில் வெளுத்தன, இப்போது பழுப்பாகிக் கருகுகின்றன. இருக்கிற ஊசி இனிமேல் வெயில் ஊசியாக மாறாது, அக்கா. அடுத்த வருஷம் புதிதாக வருவதுதான் வெயிலுக்கு ஏற்ப வரும். இவற்றுக்கு இவற்றின் இடம்தான் பலம்.

இன்னொன்று. மே மாதம் ஆறு கிளைகளில் பழைய ஊசிகளை உருவினேன் என்று எழுதியிருந்தேனே? அந்தக் கிளைகளில் இந்த வருஷத் துளிர் பக்கத்துக் கிளையில் பாதிகூட இல்லை. சூம்பிப்போய் நிற்கிறது. புதுத் துளிர் வரும்போது பழைய ஊசிகள்தான் சேர்த்து வைத்ததை எடுத்துக் கொடுக்கின்றன. அதை உருவிப் போட்டுவிட்டு நான் எடை போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மரத்திடம் சொல்ல முடியாது, உன்னிடம் சொல்கிறேன். அக்கா, எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதே, அத்தானின் சோற்றில் உப்பைக் குறைக்காதே. அந்த அறையில் ஜன்னல் இல்லை என்றும் தெரியும். எனக்கு வயிறு எரிகிறது. நான் தெரிந்து எழுதவில்லை. நீ மெதுவாக வெட்டுகிற கோட்டுத்தான் எனக்கு வேண்டும், வேறு யார் வெட்டியதும் வேண்டாம். குளிரில் செத்தாலும் ரெடிமேட் போடமாட்டேன்.

இருபதாம் தேதி மேலிடத்துக் குழு வந்து பார்க்கிறது. அன்றைக்கு இயக்குநர் கருவியை வைத்துக் காட்டுவார். கையெழுத்து இல்லாமலே நடத்திவிடப் பார்க்கிறார். மிச்சச் சரிவு போகுமா நிற்குமா என்பது அன்று தெரியும். நான் சும்மா இருக்கப் போவதில்லை.

உன்
முந்திரிக்கொட்டை


அக்டோபர் 14

அடியே முந்திரிக்கொட்டை,

அத்தானை விசாரித்தாயிற்று. உப்பு ஒரு வாரம் கட்.

நீ கேட்ட அக்கா பட்டன் அறையில்தான் இருந்தாள். உன் கடிதம் வந்த மறுநாள் ஒரு வேடிக்கை. சாயங்காலம் என்னைக் கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். போனால் மேசை மேல் பெரிய கேக். அதன் மேல் "இனிய ஓய்வு" என்று க்ரீமில் எழுதியிருக்கிறது. எனக்கு ஓய்வு கொடுக்கிறார்களாம், எனக்கே தெரியாது! அந்த மருமகன் என் உழைப்பைப் பற்றிப் பேசினான். மே மாதம் எல்லோர் முன்னாலும் என்னை உன்னுடைய அந்த வார்த்தையால் ஏசிய அதே வாய். ஆமாம், அவனும் அதையேதான் சொன்னான். பிறகு சுவர்க்கடிகாரம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தான். அதுவும் கடிகாரம், பார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கேக்கை வெட்டினேன். எல்லோருக்கும் கொடுத்தேன். நானும் இரண்டு துண்டு சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது. நன்றி சொன்னேன். கடிகாரத்தை அங்கேயே ஆணியில் மாட்டினேன். வீட்டுக்கு வந்து தூங்கினேன். மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கு வேலைக்குப் போய்விட்டேன்.

பட்டன் அறைக்கு இல்லை. என் மேசைக்கு.

"என்னம்மா, நேத்துதானே அனுப்பி வச்சோம்?" என்றான்.

"நீங்க அனுப்பினீங்க. நான் போகலையே."

"கேக்கெல்லாம் சாப்பிட்டீங்களே?"

"பசிச்சுது, சாப்பிட்டேன்."

தைக்கிற பெண்கள் அத்தனை பேரும் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். அவன் காது சிவந்து போயிற்று. முதலாளி ஊரில் இல்லை, அவர் வந்ததும் பேசிக்கொள்ளலாம் என்று போய்விட்டான். தினமும் போகிறேன், தினமும் என் மேசையில் உட்காருகிறேன். வெட்டத் துணி தருவதில்லை. தராவிட்டால் போகட்டும், என் கத்தரிக்குச் சாணை பிடிக்கிறேன். புதிதாக வந்த மாஸ்டர் நல்ல மனுஷன், சங்கடப்பட்டு எனக்கும் சேர்த்து டீ சொல்கிறார்.

இருபதாம் தேதி நீயும் வாயை மூடிக்கொண்டிருக்காதே.

அக்கா


நவம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஏணிக்காரிக்குப் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. முதலாளி வந்துவிட்டாரா? முழங்கால் எப்படி?

இருபதாம் தேதி ஐந்து பேர் வந்தார்கள். தலைவி ஒரு கனத்த அம்மாள், மூச்சு வாங்கிக்கொண்டே சரிவில் ஏறினாள். நல்லவேளை, இதமான நாள். இயக்குநர் உச்சிக்கிளை ஒன்றை வைத்துக் காட்டினார், எண் பறந்தது. அடிக்கிளையை வைத்தார், எண் படுத்தது. "பாத்தீங்களா? நான் சொல்லவே வேணாம்" என்று கவ்வியைக் கழற்றக் கையை நீட்டினார். நான் போய்க் கவ்வி மேல் கையை வைத்துக்கொண்டேன்.

"கழற்றாதீங்க. கொஞ்சம் இருங்க."

"கையை எடும்மா."

"எடுக்கமாட்டேன். இவ்வளவு தூரம் வந்தவங்க அரை மணி உக்காரட்டும்."

"அவங்களுக்கு வேற வேலை இல்லையா?"

தலைவி அங்கே கிடந்த கட்டை மேல் தொப்பென்று உட்கார்ந்தாள். "எனக்குக் கால் கடுக்குது. நான் உக்காரத்தான் போறேன்" என்றாள். அவள் உட்கார்ந்ததும் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். ஏணிக்காரி ஃபிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றினாள். ஏறாவிட்டால் என்ன செய்வது, அக்கா? துணி கிடைக்காத மேசையில் நீ உட்கார்ந்திருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன், கையை எடுக்கவில்லை.

ஏறியது. டீ ஆறுவதற்குள் ஆரம்பித்து, நிதானமாக ஏறியது. தலைவி எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். பிறகு கருகின இரண்டாம் வரிசையையும் சூம்பின ஆறு கிளைகளையும் காட்டினேன். வெட்டை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போனார்கள். இன்னும் ஒரு வருஷம் ஒழுங்காக அளந்த பிறகுதான் முடிவு.

மரங்கள் நிற்கின்றன. நான் நிற்கவில்லை. வருஷக் கடைசியோடு உனக்கு வேலை இல்லை என்று இயக்குநர் தாள் கொடுத்துவிட்டார். அளக்க வேறு ஆள் பார்த்துக்கொள்கிறாராம். அந்த ஆளுக்கும் இரண்டு நிமிஷம்தான் கொடுப்பார், எனக்குத் தெரியும். தலைவி போகும்போது, "ஏதாவது இருந்தா எனக்கு நேரா எழுதுங்க" என்றாள். எழுதவில்லை. வேலை கொடுங்கள் என்று யாரிடமும் கெஞ்ச எனக்கு வராது.

நீ ஆரம்பத்திலிருந்தே வந்துவிடு என்றாய். வருகிறேன். டிசம்பர் கடைசியில் கதவைத் திறந்து வை.

உன் தங்கை


நவம்பர் 16

அடியே,

நலம். முழங்கால் வலிக்கத்தான் செய்கிறது, அதற்கென்ன இப்போது? இந்தத் தாளின் பின்பக்கத்தைப் பார்த்தாயா? காக்கித் தாள். அந்த வளைவு உன் கைக்குழி.

முதலாளி வந்தார். என்னைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார். "ஓய்வுன்னு சொன்னாங்களே?" என்றார். "கேக்தான் ஓஞ்சு போச்சு, நான் ஓயல" என்றேன். பின்னால் ஒரு மிஷின் நின்றது. அப்புறம் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் ஒன்றுகூட ஓடவில்லை. பட்டறையே காதடைத்த மாதிரி ஆகிவிட்டது. முதலாளி தலையைச் சொறிந்தார். புது மாஸ்டர் தன் துணியைச் சுருட்டி ஓரமாக நகர்த்தி, "மேசை நீளமாத்தானே இருக்கு சார்" என்றார். இப்போது பாதி மேசை எனக்கு. முழுசும் கிடைக்கவில்லை. பாதியை நான் விடப்போவதில்லை. கடிகாரம் ஆணியில்தான் தொங்குகிறது, பேட்டரி போட யாருக்கும் மனசில்லை.

இப்போது உன் விஷயம். மே மாதத்திலிருந்து வந்துவிடு வந்துவிடு என்று எழுதினேன். எனக்கே போக்கிடம் இல்லாதபோது உன்னையும் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொள்ளப் பார்த்தேன், அவ்வளவுதான். கேட்டுக்கொள்: வராதே. வந்தால் கதவைத் திறக்கமாட்டேன். அத்தான் திறந்தால் அவரையும் வெளியே நிறுத்துவேன்.

அந்தத் தலைவிக்கு இன்றைக்கே எழுது. நீ கேட்கப்போவது பிச்சை இல்லை, உன் இடம். அவள் பதில் போடும்வரை அதே மரத்தடியில் போய் உட்கார். ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று இயக்குநர் கேட்டால், இன்னும் எண் ஏறிக்கொண்டிருக்கிறது என்று சொல். கேக் கொடுத்தால் வாங்கிச் சாப்பிடு. மறுநாள் காலை திரும்பப் போ.

நீ அனுப்பிய சின்னக் கிளை காய்ந்துவிட்டது, ஊசிகள் இன்னும் கொட்டவில்லை. பட்டன் அறையில் வைத்திருந்தேன், இப்போது என் பாதி மேசையில் இருக்கிறது. வளையங்களை எண்ணிவிட்டேன். ஒன்பது.

பார்சலில் கோட்டு வருகிறது. கனத்த துணி. வெட்டுவதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்க மேசையில் விரித்துப் போட்டு வைத்திருந்தேன். அந்த மருமகன் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். உள்பை இரண்டும் பெரிதாக வைத்திருக்கிறேன். எண் ஏறுகிற வரைக்கும் கையை அதற்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திரு.

உன் அக்கா,
கட்டிங் மாஸ்டர்